சத்தியம் செய்ய மறுக்கப்பட்ட நாத்திகர்

பாராளுமன்ற உறுப்பினரோ அமைச்சரோ பதவியேற்கும்போது வாசிக்கும் வாசகத்தில், இலங்கையாயினும் இந்தியாவாயினும், இரண்டு வழிகள் தரப்பட்டிருக்கும். சத்தியம் செய்கிறேன் என்று சொல்லலாம்; அல்லது உறுதி கூறுகிறேன் என்று சொல்லலாம். இந்திய அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையில் இத்தெரிவு இன்னும் வெளிப்படையானது. கடவுளின் பெயரால் ஆணையிடுவோர் ஒருபுறம், உளமார உறுதி கூறுவோர் மறுபுறம். 1967இல் அண்ணாதுரை தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் சென்னையில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது, அமைச்சர்கள் கடவுளின் பெயரைச் சொல்லாது உளமார என்று கூறியே பதவியேற்றார்கள். எவரும் தடுக்கவில்லை. சட்டம் இடம் கொடுத்திருந்தது.

அந்த இடம் எளிதில் கிடைத்ததல்ல. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அதனைப் பெறுவதற்காக ஆறாண்டு காலம் வாசலில் நின்ற மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சார்ள்ஸ் பிராட்லா. இன்று தமிழ் வாசகர்களில் பலர் அவரை அறியமாட்டார்கள். ஆனால் 1880களில் சென்னையில் அவரைத் தங்கள் ஆசானாகக் கொண்டாடிய தமிழர்கள் இருந்தார்கள் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பிராட்லா 1833 செப்டெம்பர் 26ஆம் திகதி லண்டனின் ஹொக்ஸ்டன் பகுதியில் பிறந்தவர். தந்தையார் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞர். பதினொரு வயதில் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. கடவுளை மறுக்கும் குடும்பத்தில் அவர் பிறக்கவில்லை. ஞாயிறு பாடசாலையில் சிறுவர்களுக்கு வேதம் கற்பித்த பக்தியுள்ள இளைஞராகவே இருந்தார். லண்டன் ஆயர் வருகை தரவிருந்த ஒரு சந்தர்ப்பத்தில், பங்குத் தந்தையாகிய பக்கர் என்பவர் திறமைசாலியான இந்த மாணவரைத் தயார்செய்ய விரும்பினார். அங்கிலிக்கன் திருச்சபையின் 39 கொள்கை விதிகளையும் நான்கு நற்செய்திகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்த பையன், அவை ஒன்றுக்கொன்று பொருந்தாத இடங்களைக் கண்டான். விளக்கம் கேட்டுப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினான்.

விளக்கம் வரவில்லை. பையன் நாத்திகம் பேசுகிறான் என்று தந்தைக்குக் கடிதம் போயிற்று. ஞாயிறு பாடசாலையிலிருந்து மூன்று மாத காலம் இடைநிறுத்தம். அந்த மூன்று மாதத்தில்தான் அவர் திறந்தவெளிகளில் சுதந்திர சிந்தனையாளர்கள் நடத்திய விவாதங்களைக் கேட்கத் தொடங்கினார். சில காலத்தின் பின்னர், கருத்தை மாற்றிக்கொள்ள மூன்று நாள் அவகாசம், இல்லையேல் வேலையும் வீடும் இல்லை என்ற நிலை வந்தது. பதினாறு வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். அந்தக் கடிதத்துக்குப் பாதிரியார் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தால் பிராட்லா ஒரு நல்ல போதகராகியிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. கேள்வி கேட்பவனைத் துரத்துவதன் மூலம் மதங்கள் தமக்கான எதிரிகளைத் தாமே உருவாக்கிக்கொண்ட கதை எல்லா நாட்டிலும் உண்டு.

வறுமை, கடன், இராணுவ சேவை, அயர்லாந்தில் சில ஆண்டுகள், பின்னர் மீண்டும் சட்டத்தரணியின் அலுவலகம். முதலாளிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்பதற்காக, 'விக்கிரகங்களை உடைப்பவன்' எனப் பொருள்படும் புனைபெயரில் மேடையேறினார். 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவினார். 'நஷனல் ரிபோர்மர்' என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார்.

அவருடைய நாத்திகம் எத்தகையது என்பதை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். கடவுள் இல்லை என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. கடவுள் என்ற சொல்லால் நீங்கள் எதனைக் குறிக்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை, விளங்காத ஒன்றை நான் எப்படி ஏற்பது, எப்படி மறுப்பது என்பதே அவர் நிலைப்பாடு. இது சட்டத்தரணி அலுவலகத்தில் பழகிய மூளையின் வாதம். சொல்லுக்கு வரைவிலக்கணம் தா, பிறகு வழக்காடுவோம் என்கிறது.

மேடையில் நின்று தமது கைக்கடிகாரத்தை எடுத்து, கடவுள் இருப்பது உண்மையானால் ஐந்து நிமிடத்துக்குள் என்னைச் சாகடிக்கட்டும் என்று அவர் சவால் விட்டதாக ஒரு கதை இங்கிலாந்து முழுவதும் உலாவியது. அவர் அப்படி ஒருபோதும் செய்ததில்லை. கதையைப் பரப்பியவர்கள்மீது வழக்குத் தொடரும் அளவுக்கு அது அவரைத் துன்புறுத்தியது. பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுவையான பொய்க்கு மறுப்பு அறிக்கை ஒருபோதும் ஈடாகாது. இதே கைக்கடிகாரக் கதையை வேறு நாத்திகர்களின் பெயரில் நானே கேட்டிருக்கிறேன்.

அக்காலத்து இங்கிலாந்தில் நாத்திகராயிருப்பது வெறும் கருத்து விவகாரமன்று. நீதிமன்றத்தில் வேதாகமத்தின்மீது சத்தியம் செய்ய முடியாதவரின் சாட்சியம் ஏற்கப்படமாட்டாது. அவருடைய வீட்டில் திருட்டுப் போனாலும், அவருக்கு வரவேண்டிய கடனை ஒருவர் தர மறுத்தாலும், அவர் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. பொய்யாகக் கடவுளை நம்புகிறேன் என்பவன் ஏறலாம். உண்மையைச் சொல்லும் பழக்கத்தால் உரிமை இழந்தவர்கள் இவர்கள். பிராட்லாவும் இதனால் பாதிக்கப்பட்டவர்தான். அவரும் அவரைப் போன்றோரும் தொடர்ந்து போராடியதன் விளைவாக 1869இலும் 1870இலும் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. நீதிமன்றத்தில் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூற நாத்திகருக்கும் வழி பிறந்தது.

பாராளுமன்றத்துக்கும் இது பொருந்தும் என்று பிராட்லா நினைத்தார். நோர்த்தாம்டன் தொகுதியில் 1868இலும் 1874இலும் தோற்று, 1880இல் வென்றார். அந்த ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி கொமன்ஸ் சபையில் எழுந்து, சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதிக்குமாறு கேட்டார். குவேக்கர் சமயத்தவருக்கு அந்த உரிமை முன்னரே இருந்தது. கத்தோலிக்கருக்கு 1829இலும் யூதருக்கு 1858இலும் பாராளுமன்றக் கதவு திறக்கப்பட்டிருந்தது. ஆகவே அடுத்த படி இயல்பானதென அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். தெரிவுக்குழுவோ ஒரேயொரு வாக்கினால் மறுத்துவிட்டது.

அதன்பின் அவர் செய்த காரியம்தான் இன்றும் விவாதத்துக்குரியது. சரி, சத்தியமே செய்கிறேன் என்று முன்வந்தார். அதிலுள்ள கடவுளைப் பற்றிய சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்றும், ஆயினும் சத்தியத்தின் உட்பொருள் தமது மனச்சாட்சியைக் கட்டுப்படுத்தும் என்றும் பகிரங்கமாக எழுதினார். எதிரிகளுக்கு இது வாய்ப்பாகிவிட்டது. பொருளற்றது என்று எழுதிவிட்டு அதே சொற்களை வேதாகமத்தின்மீது கைவைத்துச் சொல்ல இவருக்கு என்ன தகுதி என்று கேட்டார்கள். ராண்டொல்ஃப் சேர்ச்சில் போன்ற இளம் கன்சவேட்டிவ் உறுப்பினர்கள், பிரதமர் கிளாட்ஸ்டனைச் சங்கடப்படுத்தக் கிடைத்த ஆயுதமாக இதனைப் பயன்படுத்தினார்கள். அவர்களின் பக்தியைவிட அரசியலே பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானதே. அந்தக் கடிதம் பிராட்லாவின் தந்திரோபாயப் பிழை. வாயைத் திறவாமல் சத்தியம் செய்திருந்தால் எவரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அதே தொகுதியின் மற்றைய உறுப்பினராகிய லபுஷேர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்தான். அவர் புன்னகையோடு சத்தியம் செய்துவிட்டு ஆசனத்தில் அமர்ந்திருந்தார்.

1880 ஜூன் 22ஆம் திகதி, பிராட்லா சத்தியம் செய்யவும் கூடாது, உறுதிமொழி கூறவும் கூடாது என்று 275 வாக்குகளால் சபை தீர்மானித்தது. எதிர்த்தவர்கள் 230 பேர். மறுநாள் வெளியேற மறுத்த அவரைக் கைதுசெய்து, பிக் பென் மணி இருக்கும் அந்தக் கோபுரத்திலே அடைத்தார்கள். ஒரு நாளில் விடுதலை. பின்னர் சட்ட விளைவுகளைத் தாமே ஏற்றுக்கொள்ளும் நிபந்தனையோடு உறுதிமொழி கூற விட்டார்கள். உடனே வழக்கு வந்தது. உரிய சத்தியமின்றி அளித்த ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுண் தண்டம் என்பது சட்டம். 1881இல் ஆசனம் பறிபோனது. இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார்.

அவ்வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி நடந்ததை ஆங்கிலேயர் இன்றும் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டும். சபைக்குள் நுழைய முயன்ற, மக்களால் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரைப் பொலிஸாரும் சபைக் காவலர்களும் சேர்ந்து படிகளில் இழுத்துச் சென்று முற்றத்தில் தள்ளினார்கள். மேலங்கி கிழிந்துபோயிற்று. வெளியே அவருடைய ஆதரவாளர்கள் பெருந்திரளாகக் கூடியிருந்தனர். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் இரத்தம் சிந்தியிருக்கும். அவர் சொல்லவில்லை. கூட்டத்தை அமைதிப்படுத்தி நின்றவர்களில் ஒரு பெண்மணியும் இருந்தார். அவர் பெயர் அன்னி பெசன்ட்.

1882 பெப்ரவரியில் பிராட்லா தாமே ஒரு வேதாகமத்தைக் கையில் எடுத்துச் சென்று, தமக்குத் தாமே சத்தியம் செய்வித்துக்கொண்டார். சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். மார்ச்சில் நோர்த்தாம்டன் மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினர். 1884இல் இன்னொரு முறை. 1885இல் இன்னொரு முறை. செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் மிகுந்த அந்தத் தொகுதியில் வாக்களித்தோர் யாவரும் நாத்திகரல்லர். எங்கள் பிரதிநிதியை நாங்களே தெரிவுசெய்வோம் என்பதுதான் அவர்களின் பிடிவாதம்.

1883இல் கிளாட்ஸ்டன் அரசாங்கம் உறுதிமொழி மசோதாவைக் கொண்டுவந்தது. அதன்மீது ஏப்ரல் 26ஆம் திகதி கிளாட்ஸ்டன் ஆற்றிய உரை, அவருடைய வாழ்நாளின் சிறந்த உரைகளில் ஒன்றெனக் கருதப்படுகிறது. கிளாட்ஸ்டன் ஆழ்ந்த பக்திமான். பிராட்லாவின் கருத்துக்கள் அவருக்கு அருவருப்பூட்டின. ஆயினும் அவர் கேட்டது இதுதான்: கிறிஸ்துவை ஏற்காத யூதரை அனுமதித்துவிட்டோம். இனி ஏதோ ஒரு கடவுளை ஒப்புக்கொண்டால் போதும் என்று கோடு கிழிக்கிறோம். மனிதரின் துயரங்களைக் கண்ணெடுத்தும் பாராத, எங்கோ தொலைவில் ஓய்ந்திருக்கும் ஒரு கடவுளை நம்புகிறவன் உள்ளே வரலாம், நேர்மையாக இல்லை என்பவன் வரக்கூடாது என்றால், இதில் எந்த மதம் காப்பாற்றப்படுகிறது? அந்த இடத்தில் உரோமக் கவிஞர் லுக்ரீசியஸின் வரிகளை இலத்தீனிலேயே சொல்லிக் காட்டினார். கடவுள் நம்பிக்கையாளர் ஒருவர் நாத்திகரின் உரிமைக்காகப் பேசிய இந்தப் பேச்சுக்கு ஈடானது பாராளுமன்ற வரலாற்றில் அரிது. ஆனாலும் மசோதா மூன்று வாக்குகளால் தோற்றது. 292க்கு 289.

முடிவு மிகச் சாதாரணமாக வந்தது. 1886 ஜனவரியில் புதிய பாராளுமன்றம் கூடியபோது, சபாநாயகர் ஆதர் பீல், ஓர் உறுப்பினர் சத்தியம் செய்வதைத் தடுக்கத் தமக்கோ வேறெவருக்கோ அதிகாரமில்லை என்று கூறிவிட்டார். பிராட்லா சத்தியம் செய்து அமர்ந்தார். இரண்டாண்டுகளில் அவரே கொண்டுவந்த சத்தியச் சட்டம் 1888இல் நிறைவேறியது. விரும்பாதவர் எவரும் உறுதிமொழி கூறலாம் என்றாயிற்று.

இனி அன்னி பெசன்ட்டைப் பற்றி. மனிதர் கடவுளை மறுப்பதும் ஏற்பதும் எந்தக் காரணங்களால் என்று ஆராய்பவருக்கு இவர்கள் இருவரின் வாழ்க்கையையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது பயன் தரும். பிராட்லாவின் நம்பிக்கை ஏட்டிலே உடைந்தது. பெசன்ட்டின் நம்பிக்கை தொட்டிலருகே உடைந்தது. 1867இல் ஒரு பாதிரியாரை மணந்தவர் அவர். 1871இல் கைக்குழந்தையாயிருந்த மகள் மேபல், கக்குவான் இருமலால் வாரக்கணக்கில் மூச்சுத் திணறித் துடித்தபோது, குற்றமறியாத இந்தச் சிசுவை வதைக்கும் கடவுள் எப்படி அன்பே உருவானவராக இருக்கமுடியும் என்ற கேள்வி தாயின் உள்ளத்தில் எழுந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. நம்பிக்கை பிழைக்கவில்லை. ஒக்ஸ்போர்டுக்குச் சென்று, புகழ்பெற்ற இறையியலாளர் பியூசியிடம் விளக்கம் கேட்டார். நீ ஏற்கெனவே அளவுக்கு மீறிப் படித்துவிட்டாய் என்ற தொனியிலேயே பதில் கிடைத்தது. பக்கர் பாதிரியாரின் கதையேதான்.

1873இல் கணவரைப் பிரிந்தார். 1874இல் பிராட்லாவைச் சந்தித்தார். 1877இல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலொன்றை மறுபதிப்புச் செய்ததற்காக இருவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். மேன்முறையீட்டில் தண்டனை நீங்கியது. ஆனால் நாத்திகம் பேசும் தாய் பெண்பிள்ளையை வளர்க்கத் தகுதியற்றவர் என்று, 1878இல் நீதிமன்றம் மேபலைத் தாயிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது. எந்தக் குழந்தையின் வேதனைக்காகக் கடவுளைத் துறந்தாரோ, அந்தத் துறவுக்காகவே அந்தக் குழந்தையை இழந்தார்.

பதினோராண்டுகள் கழிந்தன. 1889இல் மதிப்புரை எழுதுவதற்காக அவர் கைக்கு வந்த நூல், பிளவாட்ஸ்கி அம்மையாரின் 'இரகசியக் கோட்பாடு'. அதைப் படித்து முடித்த சில வாரங்களில் பிரமஞான சங்கத்தில் சேர்ந்துவிட்டார். பிராட்லா தமது பத்திரிகையில் மிகுந்த வருத்தத்தோடு இதுபற்றி எழுதினார். பெசன்ட் மூளை குழம்பிவிட்டார் என்று பழைய தோழர்கள் பேசிக்கொண்டனர். என் எண்ணம் வேறு. தொட்டிலருகே எழுந்த கேள்விக்கு நாத்திகம் விடை தரவில்லை. அந்தக் கேள்வியே தவறு என்று மட்டும் சொன்னது. கர்மமும் மறுபிறப்பும் ஒரு விடையையாவது தந்தன. அந்த விடை சரியா என்பது வேறு விடயம். அவர் திரும்பிச் சென்று ஏற்றது தாம் இழந்த அதே கடவுளை அன்று என்பதையும் கவனிக்க வேண்டும்.

இலங்கைக்கும் இந்தக் கதையில் ஓரிடம் உண்டு. 1873 ஓகஸ்டில் பாணந்துறையில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த டேவிட் டி சில்வா தரப்பினரோடு வாதிட்ட மீகெட்டுவத்தே குணானந்த தேரர், கிறிஸ்தவத்தை விமர்சித்த மேலைநாட்டுச் சுதந்திர சிந்தனையாளர்களின் வாதங்களையும் அறிந்திருந்தவர். லண்டனில் கடவுளை மறுக்க எழுந்த வாதம், கடல் கடந்து வந்து பௌத்தத்தைக் காக்கும் ஆயுதமாயிற்று. அந்த விவாதத்தின் அச்சுப் பிரதியைப் படித்துக் கவரப்பட்ட ஒல்கொட், பிளவாட்ஸ்கியோடு காலியில் வந்திறங்கியது 1880 மே 17ஆம் திகதி. லண்டனில் பிராட்லா சத்தியம் செய்ய முன்வந்து தடுக்கப்பட்டது அதே மே 21ஆம் திகதி. நான்கு நாள் கழித்து ஒல்கொட்டும் பிளவாட்ஸ்கியும் காலியில் பன்சில் எடுத்துக்கொண்டார்கள். பிராட்லாவின் மிகச் சிறந்த துணையைப் பின்னாளில் கவர்ந்துசென்றவர் இதே பிளவாட்ஸ்கி.

சென்னையிலோ, பிராட்லாவின் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு இலௌகிக சங்கம் இயங்கியது. 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழையும் 'திங்கர்' என்ற ஆங்கில இதழையும் அவர்கள் 1880களில் நடத்தினார்கள். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு நாற்பதாண்டுகள் முந்திய தமிழ் நாத்திகம் இது. நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்த அந்த இதழ்களைப் பேராசிரியர் வீ. அரசு தேடித் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். தமிழறிஞர் உலகம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. பெசன்ட் 1893 நவம்பரில் கொழும்பு வழியாகத் தூத்துக்குடியில் இறங்கியபோது, அந்தப் பழைய சங்கத்தினர் என்ன நினைத்திருப்பார்கள்! தங்கள் ஆசானின் வலக்கையாக இருந்தவர், கர்மத்தையும் மறுபிறப்பையும் போற்றிக்கொண்டு அடையாற்றுக்கு வருகிறார்.

பிராட்லா அதைப் பார்க்க இருக்கவில்லை. 1889 டிசம்பரில், கடும் நோயிலிருந்து மீண்ட நிலையில், பம்பாயில் கூடிய இந்தியக் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். இந்தியாவுக்கு வாக்குரிமை இல்லாத பாராளுமன்றத்தில் இந்தியாவுக்காக ஓயாது பேசியதால், இந்தியாவின் உறுப்பினர் என்றே அவரை அழைத்தனர். 1891 ஜனவரி 27ஆம் திகதி, அவரைத் தடைசெய்த 1880ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதாகக் கொமன்ஸ் சபை முடிவெடுத்தது. அவர் அப்போது நினைவிழந்து கிடந்தார். செய்தி அவருக்கு எட்டவில்லை. 30ஆம் திகதி காலமானார். கடைசி நேரத்தில் மனம் மாறிக் கடவுளைக் கூப்பிட்டார் என்று கதை கட்டுவார்கள் என்பதை அறிந்திருந்த மகள் ஹைபேஷியா, தந்தையைப் பராமரித்தவர்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுத்தில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டார்.

இறுதிச் சடங்குக்கு லண்டனிலிருந்த இந்தியர் பலர் சென்றனர். அவர்களில் ஒருவர் 21 வயதுச் சட்ட மாணவர், மோகன்தாஸ் காந்தி. திரும்பும் வழியில் புகையிரத நிலையத்தில், நாத்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரை வம்புக்கிழுத்து, பூமியின் சுற்றளவு இவ்வளவு என்கிறீர்களே, உங்கள் கடவுளின் அளவு என்ன என்று கேட்டதைக் காந்தி பார்த்தார். பாதிரியார் பணிவோடு மௌனமானார். நாத்திகத்தின்மீது தமக்கிருந்த வெறுப்பு இதனால் மேலும் வளர்ந்தது என்று காந்தி தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஆனால் பிராட்லாவை அவர் மறக்கவில்லை. நாற்பதாண்டுகள் கழித்து, 1931இல் வட்டமேசை மாநாடு முடிந்து சுவிட்சர்லாந்தில் தங்கியபோது, கடவுளே சத்தியம் என்ற தமது பழைய நிலைப்பாட்டைச் சத்தியமே கடவுள் என்று மாற்றிக்கொண்டதை அங்கு கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். அப்போது பிராட்லாவின் பெயரைச் சொல்லி, அவரைத் தாம் நாத்திகராகக் கொள்ளவில்லை, தெய்வத்துக்கு அஞ்சியவராகவே கருதுவதாகக் கூறினார். பிராட்லா இதனை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதையும் காந்தியே சொல்லிவிட்டார். பிராட்லா உயிரோடு இருந்திருந்தால், கடவுள் என்ற சொல்லுக்கு முதலில் வரைவிலக்கணம் தருமாறு கேட்டு மறுநாள் தபாலிலேயே காந்திக்குக் கடிதம் எழுதியிருப்பார்.